மூன்று குப்பிகளும் ஒரு வெள்ளைக் காரும்

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் ரேஷன் கடையில் போட்ட கையெழுத்தும், ஊருக்குப் போட்ட இரண்டு மூன்று கடிதமும்தான். மறதியும் சேர்ந்துவிட்டது. ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதற்கு முந்தினது ஞாபகம் வரும், பிறகு திரும்பிப் போய் அதைச் சொல்ல வேண்டியிருக்கும். நான் கார் துடைக்கிற ஃபிளாட்டின் செக்ரட்டரி சார் என்னிடம் கேட்டது அரைப் பக்கம். எந்தக் குப்பியில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். அதை மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் குப்பியில் இருப்பதை எழுதினால், பிறகு ஏன் கார் அப்படி ஆயிற்று என்று கேட்பார்கள். அதனால் நடந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கழக்கூட்டத்தில் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஃபிளாட்டில் நான் கார் துடைக்கிறேன். ஆறு வருஷமாகிறது. ஏழாகவும் இருக்கலாம். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் இங்கே வந்தது கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டிடங்களுக்குக் கான்கிரீட் போட. அவர் கலவை போட்டார், நான் சட்டி சுமந்தேன். சிமெண்டுத் தூசி அவர் நெஞ்சில் இறங்கிவிட்டது. இப்போது பத்தடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது, சுமை ஆகாது. உட்கார்ந்து எழுந்து தேய்க்கிற வேலை மட்டும் இன்னும் ஓடுகிறது.

கார்கள் நிற்பது கட்டிடத்துக்குக் கீழே, வெயில் படாத இடத்தில். விடிகிற நேரத்தில் போய், எல்லோரும் ஆபீசுக்கு இறங்கி வருவதற்குள் முடித்துவிடுவேன். யாரிடமும் பேச வேண்டியதில்லை. பேச எனக்குக் கூச்சம். மலையாளம் கேட்டால் எல்லாம் புரியும், வாயைத் திறந்தால் வராது. துடைத்து முடித்த வண்டிக்கு வைப்பரைத் தூக்கி நிறுத்திவிட்டு வருவேன். அதைப் பார்த்தால் கழுவியாயிற்று என்று அவர்களுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒரு வீட்டு மணியையும் நான் அடித்ததில்லை. லிஃப்டில் ஏறியதும் இல்லை.

முதலில் கடையில் வாங்குகிற கார் ஷாம்புதான் வைத்திருந்தேன். நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து வண்டி. மூன்றாம் வருஷம் விரல் கணுவெல்லாம் வெடித்தது. துணியைப் பிழிந்தால் வாளித் தண்ணீர் லேசாகச் சிவக்கும். சாப்பிடும்போது குழம்பு பட்டால் கண்ணில் நீர் வந்துவிடும். சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தச் சோப்பைத் தொடவே கூடாது என்றார். ரப்பர் உறை போட்டுப் பார்த்தேன். உள்ளே வியர்த்து இன்னும் மோசமானது. வேலையை விட்டுவிடலாம் என்று ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்தேன். விட்டால் வேறு என்ன வேலை இருக்கிறது என்று அந்த ஒரு வாரமும் யோசித்தேன். ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர்தான் ஆரம்பித்தார். "ஏட்டி, பட்டுச்சேல அலசுனா ஒனக்குக் கை வெடிக்குமா?" என்று கேட்டார்.

"பட்டுச்சேலைக்கு எங்க போக? பூந்திக்கொட்டையில அலசுறதுக்கு ஏன் வெடிக்கும்?"

"அப்பம் காரையும் பட்டுச்சேலன்னு நெனச்சிக்கோ."

இப்படித்தான் முதல் குப்பி வந்தது. பூந்திக்கொட்டையை உடைத்து விதையை எடுத்துவிட்டு, தோலை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கொதிக்க வைத்து, ஆறினதும் கசக்கி இரண்டு தடவை துணியில் வடிகட்ட வேண்டும். துணுக்கு இருந்தால் பெயிண்டில் கோடு விழும். அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கசக்குவது அவர் வேலை. நுரை கடைச் சாமான் அளவுக்கு வராது. ஆனால் தூசி போகும், என் கை வெடிக்காது. மூன்று நாளைக்கு மேல் வைத்தால் நாறும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வோம்.

இரண்டாவது குப்பி கண்ணாடிக்கு. ஒரு பங்கு வினாகிரி, இரண்டு பங்கு தண்ணீர். வினிகரைத்தான் இங்கே வினாகிரி என்பார்கள், ஊறுகாய்க்கு ஊற்றுகிற அதேதான். தெளித்து, பழைய பேப்பரைக் கசக்கித் துடைத்தால் கண்ணாடி இருப்பதே தெரியாது. மூன்றாவது, குப்பி என்று சொன்னாலும் அது ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். ஆப்பசோடாவோடு நகத்தளவு பார் சோப்புச் சீவல் போட்டுக் குழைத்த களிம்பு. ஆப்பசோடாவை இங்கே கடையில் அப்பக்காரம் என்று கேட்டால்தான் தருவார்கள். காக்கா எச்சம், சீட்டில் கொட்டின காபிக் கறை, இதற்கெல்லாம் அந்தக் களிம்பை ஒரு குச்சியில் துணி சுற்றித் தொட்டுத் தேய்ப்பேன். நிறையத் தேய்க்கக் கூடாது.

நாலாவதாக ஒன்று செய்து கெட்ட பெயர் வாங்கினோம். ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருக்கிற கறுப்புப் பலகை மினுங்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவிக் கொடுத்தேன். முதல் நாள் நன்றாக மினுங்கியது. மறுநாள் ரோட்டுத் தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது. அந்த வண்டிக்காரர் செக்யூரிட்டியிடம், உள்ளே உட்கார்ந்தால் பெண்டாட்டி எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றாராம். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்தக் குப்பியை நிறுத்திவிட்டோம்.

இந்தப் பேச்சு செக்ரட்டரி சார் காதுக்குப் போனது. அவர் பாங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். நல்லவர்தான், எல்லாவற்றுக்கும் பேப்பர் வேண்டும் என்பார். தினமும் கார்களுக்கு நடுவே கை வீசி நடப்பார். ஒருநாள் என் வாளிக்குப் பக்கத்தில் நின்று குப்பிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மோந்து பார்த்தார்.

"அம்மா, இது எந்தா சாதனம்? அடுக்களையில உண்டாக்கினதா?"

தலையை ஆட்டினேன்.

"ஓரோ வண்டியும் எத்ர விலையென்னு அறியாமோ? ஒரு பராதி வந்தா, ஒரேயொரு பராதி, பின்னே இந்தக் குப்பி ஒண்ணும் இங்க வேண்டாம். கம்பெனி ஷாம்பு மதி. கேட்டோ?"

பராதி என்றால் புகார். ஒரு புகார் வந்தால் திரும்பவும் கடை ஷாம்பு. கடை ஷாம்பு என்றால் என் கை. கை போனால் வேலை போச்சு. அவருக்கு இதெல்லாம் தெரியாது. என் கையைக் காட்டிச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "சரி சார்" என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. நான்தான் ஒவ்வொரு வண்டியையும் இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு வைப்பரைத் தூக்குவேன்.

ஐப்பசியில் நாலாவது மாடிப் பெண் புதுக் கார் வாங்கினாள். கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவள். அவள் அம்மா கிழக்கேகோட்டை அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்த மாமி, மகளோடு இங்கே இருக்கிறார். கார் பால் மாதிரி வெள்ளை. வெள்ளிக்கிழமை கோட்டைப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பானட் மேல் மாமி கையாலேயே மஞ்சளைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார். பெரிய வட்டமாக ஒன்று, இரண்டு பக்கமும் சின்னதாக இரண்டு. சக்கரத்தில் நசுங்கின எலுமிச்சம்பழத் தோல் ஒட்டியிருந்தது.

சனிக்கிழமை நான் அந்த வண்டியைச் சுற்றித் துடைத்தேன், பானட்டைத் தொடவில்லை. சாமிக்கு வைத்ததை மறுநாளே துடைக்கலாமா? எங்கள் வீட்டில் நிலைப்படியில் வைத்த மஞ்சள் தானாக உதிரும்வரை யாரும் தொடமாட்டோம். மேலே போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கவில்லை. ஞாயிறும் விட்டேன், திங்களும் விட்டேன். அங்கே அவர்கள், நான் வழக்கம்போலக் கழுவுவேன் என்று இருந்திருக்கிறார்கள். மூன்று நாளில் மஞ்சள் காய்ந்து வெடித்து, பெயிண்டுக்குள் இறங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை கேட்டில் செக்யூரிட்டி சொன்னான். "அம்மா, நாலாம் நிலையிலே மேடம் பறஞ்ஞு, பானட்டும் கழுவணும்னு. இன்னு ஓபீசுக்குக் கொண்டுபோகணும்."

பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவினேன். மேலே இருந்த மஞ்சளும் குங்குமமும் உதிர்ந்து போயின. அடியில் மஞ்சளாக மூன்று வட்டம் நின்றது. கறை என்றால் என் கை தானாக ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குத்தான் போகும். களிம்பைத் தொட்டு நடு வட்டத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினேன்.

சிவந்துவிட்டது.

முதலில் கையில் காயம் திறந்து ரத்தம் வந்துவிட்டதோ என்று கையைத்தான் பார்த்தேன். கை நன்றாக இருந்தது. துடைக்கத் துடைக்கச் சிவப்பு இன்னும் பரந்தது. அந்த வெளிச்சத்தில், வெள்ளைக் காரின் நடுவில், ஏதோ அடிபட்ட மாதிரி இருந்தது. வாளியோரம் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை கல்யாணத்துக்கு ஆரத்தி கரைத்திருக்கிறேன். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டால் சிவக்கும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். சாம்பார் பட்ட துணியில் சோப்புப் போட்டால் சிவக்கிறதைத் தினமும் பார்க்கிறேன். அப்பக்காரமும் அந்த ஜாதி என்று அன்றைக்கு என் புத்தியில் ஏறவில்லை. கார் வேறு, அடுப்படி வேறு என்று நினைத்துவிட்டேன் போல.

வீட்டுக்கு போன் போட்டேன்.

"என்னட்டி, எனக்கு வாங்குத மூச்ச நீ வாங்குத?"

"காரு செவந்து போச்சு."

"காரு செவக்குமா? என்ன, வயசுக்கு வந்துட்டா?"

"வெளையாடாதீங்க. மஞ்சக் கறை மேல அப்பக்காரத்த வச்சிட்டேன். வேல போச்சு."

அவர் இருமித் தீர்த்தார். பிறகு, "ஆரத்தித் தட்டுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா என்னாகும்?" என்றார்.

"திரும்ப மஞ்சளாகும்."

"கண்ணாடிக்கு உள்ளது கையில இருக்குல்லா? அதத் தெளி. கெடந்து அழாத."

"அழல."

"அழுத. தெளிச்சிட்டு வையி."

வினாகிரித் தண்ணீரைத் தெளித்தேன். பேப்பரால் ஒற்றினேன். சிவப்பு இறங்கி, பழையபடி மஞ்சள் வந்தது. நல்ல தண்ணீர் விட்டு அலசினேன். இனி அந்த மஞ்சளைத் தேய்த்து எடுக்க முடியாது. மஞ்சள் கறை வெயிலில்தான் போகும், துணியில் அப்படித்தான். ஆனால் கார் நிற்பது வெயில் எட்டாத இடம். வெயிலில் நிறுத்த வேண்டுமென்றால் கேட்டுக்குப் பக்கத்தில் விருந்தாளி வண்டி நிற்கிற இடம் ஒன்றுதான் உண்டு. அங்கே நிறுத்த செக்ரட்டரி சார் சரி என்று சொல்ல வேண்டும். அவரிடம் சொன்னால் அதுவே பராதி.

இப்படியே ஈரத்தைத் துடைத்து, வைப்பரைத் தூக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். நினைக்கவில்லை என்று எழுதினால் பொய். மஞ்சளை அப்பினது அவர்கள்தானே என்றும் நினைத்தேன். ஆனால் களிம்பை வைத்தது நான், அதற்கு அடியில் பெயிண்டு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. படியில் ஏறினேன். நாலு மாடி. ஒவ்வொரு மாடியிலும் நின்றேன். மணியை அடித்துவிட்டு, யாரும் வராமல் இருந்தால் நல்லது என்று நின்றேன்.

மாமிதான் கதவைத் திறந்தார். கையில் தோசைத் திருப்பி.

"யாரு? கார் துடைக்கிறவாளா? உள்ள வாங்கோ. ஏன் இப்படி இரைக்கறது? படியேறியா வந்தேள்?"

நான் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கடை ஷாம்பில் என் கை வெடித்தது, மூன்று நாள் விட்டது, இன்றைக்குக் களிம்பு வைத்தது, சிவந்தது, வினாகிரி தெளித்தது. இவ்வளவு நீளமாக அந்தக் கட்டிடத்தில் நான் பேசியதே இல்லை. மாமி கேட்டுக்கொண்டே இருந்தார், உள்ளே தோசை தீய்கிற வாசனை வந்தது.

"மஞ்சள்ல சோடாவைப் போட்டேளா? என் பொண்ணோட காருக்கு அடியிலேந்து முடி வரைக்கும் ஆரத்தி எடுத்துட்டேளே" என்று சொல்லிச் சிரித்தார்.

மகள் ஈரத் தலையோடு வந்தாள். அவள் சிரிக்கவில்லை. "அம்மா, புதுக் கார். ஒரு வாரம்கூட ஆகல."

"நீ ஏன்டி அவாளை முறைக்கறே? அப்பினது நான். நீ அப்பவே சொன்னே, ஸ்டிக்கர் ஒட்டினாப் போறும்னு. கேக்காதது நான்."

"வெயில்ல ரெண்டு நாள் நின்னா போயிரும்மா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "மேல கேட்டுப் பக்கம்."

அவள் என்னைப் பார்த்தாள். என் கையையும் பார்த்தாள். "போகலன்னா?" என்று கேட்டாள். "செக்ரட்டரி சார்ட்ட கேட்டுட்டுத்தான் நிறுத்தணும்மா" என்றேன்.

செக்ரட்டரி சாரிடம் மாமியும் கூட வந்தார். நான்தான் சொல்லத் தொடங்கினேன், பாதியில் நின்றுபோனது, மீதியை மாமி மலையாளத்தில் முடித்தார். அவர் பானட்டைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"நான் அன்னே பறஞ்ஞதல்லே?" என்றார். கோபமாக இல்லை. களைத்துப்போன மாதிரி சொன்னார், அது எனக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. "ரெண்டு திவசம். அவிடே இட்டோளூ." இரண்டு நாள் அங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

அப்போது ஐப்பசி மழைக் காலம், இங்கே துலா மழை என்பார்கள். காலையில் நல்ல வெயில் அடிக்கும், மத்தியானம் கழிந்தால் கிழக்கே இடி முழங்கும். இரண்டு நாளும் வேலை முடிந்த பிறகு வீட்டுக்குப் போகாமல் கேட்டுக்கு எதிரே இருக்கிற மதிலோரம் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் ஒரு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது, மழை பெய்தது. வட்டம் அப்படியேதான் இருந்த மாதிரி பட்டது. அந்தப் பெண் ஆட்டோவில் ஆபீஸ் போனாள். என் வீட்டுக்காரர் பூந்திக்கொட்டை ஊறப்போடலாமா வேண்டாமா என்று போனில் கேட்டார். வேண்டாம் என்றேன்.

இரண்டாம் நாள் மூன்று மணிவரை வெயில் இருந்தது. சாயங்காலம் மாமி குடையோடு வந்து பார்த்தார். சின்ன வட்டங்கள் இரண்டும் போய்விட்டன. நடு வட்டம் இருந்த இடத்தில் குனிந்து சாய்ந்து பார்த்தால் மட்டும் லேசாக ஒரு நிழல் தெரியும். மகள் வந்து கையால் தடவிப் பார்த்தாள். "சரி, விடுங்க. எனக்கு கம்ப்ளெயிண்ட் இல்ல" என்றாள். பிறகு மாமியிடம், "அடுத்த தடவ ஸ்டிக்கர்" என்றாள்.

அவள் புகார் சொல்லவில்லை, ஆனால் செக்ரட்டரி சார் பார்த்துவிட்டாரே. மறுநாள் என்னைக் கூப்பிட்டார். மாமி என் கையைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறார் போல. அவர் என் கையைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். குப்பியில் என்ன இருக்கிறது, எந்தக் கறைக்கு எது, எதற்கு ஆகாது என்று எழுதித் தரட்டும், கமிட்டியில் வாசித்துவிட்டுத் தீர்மானிக்கலாம் என்றார். அதுவரை வெறும் தண்ணீர். எனக்குத் தமிழ்தான் எழுத வரும் என்றேன். மாமி படித்துப் பார்த்து மகளிடம் கொடுத்து மலையாளத்தில் ஆக்கித் தருகிறேன் என்றார்.

பதினோரு நாளாக வெறும் தண்ணீரில் துடைக்கிறேன். எச்சம் போக இரண்டு மடங்கு தேய்க்க வேண்டியிருக்கிறது, தோள்பட்டை ராத்திரி முழுக்க வலிக்கிறது. ஆனால் கை வெடிக்கவில்லை. கம்பெனி ஷாம்புதான் என்று கமிட்டி சொன்னால் நான் வரமாட்டேன். அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. முடியாது, அவ்வளவுதான்.

சாருக்கு வேண்டிய அரைப் பக்கம் மேலேயே இருக்கிறது. அதோடு ஒன்று சேர்க்க வேண்டும்: மஞ்சள், குங்குமம், குழம்பு பட்ட இடத்தில் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறக்கக் கூடாது. பூஜை போட்ட வண்டியை அன்றைக்கே கழுவலாமா என்று மேலே போய்க் கேட்பேன். மணி அடிப்பேன்.

மாமி இதைப் படித்துச் சரிபார்க்க வேண்டும். பூஜை வெள்ளிக்கிழமைதானா, வியாழனா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வினாகிரி ஒன்றுக்கு இரண்டா, ஒன்றுக்கு மூன்றா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், அவர் மூன்று என்கிறார், நான் இரண்டு என்று எழுதியிருக்கிறேன். பெயிண்டில் கோடு ஏதும் விழுந்திருக்கிறதா என்று மகளை வெளிச்சத்தில் இன்னொரு தடவை பார்க்கச் சொல்ல வேண்டும். விழுந்திருந்தால் அதையும் எழுதிச் சேர்த்துவிடுங்கள். கல்யாணம் ஆகாதவர் சொன்னதை மட்டும் மலையாளத்தில் போட வேண்டாம், அவரும் கமிட்டியில் இருக்கிறார்.